கோடுகள் நிறைந்திருக்கின்றன, குரல் எங்கே?

“சிக்னல் முழுதாகத்தான் காட்டுகிறது, ஆனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது.” இப்படித் தொடங்கும் அழைப்பு இந்த மாதத்தில் எனக்கு இது மூன்றாவது. பொறுமை தீர்ந்துவிட்டதால் எழுதுகிறேன்.

இம்முறை ஒரு மருத்துவமனை. செவிலியர்கள் கையில் வைஃபை கைப்பேசிகள். ஒருவர் பேசிக்கொண்டே நடக்க, நான் பின்னால் போனேன். வார்டுக்குள் ஒரு குறையும் இல்லை. தீத்தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படிக்குத் திரும்பினார். மூன்றாவது படியில் மறுமுனை மருத்துவர் “ஹலோ, கேட்கிறதா?” என்கிறார். அது செவிலியருக்கு நன்றாகவே கேட்கிறது. அவர் சொல்லும் “கேட்கிறது டாக்டர்” மட்டும் போய்ச் சேரவில்லை. திரையில் கோடுகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

எனக்கு முன்னால் வந்தவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? எல்லா அக்சஸ் பாயின்ட்களின், அதாவது வைஃபை சிக்னலை அனுப்பி வாங்கும் பெட்டிகளின், அனுப்பும் திறனையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போயிருந்தார். இந்த வைத்தியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

கோடுகள் சொல்வது ஒன்றே ஒன்று: அக்சஸ் பாயின்ட் பேசுவது உங்கள் கைப்பேசிக்குக் கேட்கிறது. கைப்பேசி பேசுவது அக்சஸ் பாயின்ட்டுக்குக் கேட்கிறதா என்பதைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை. மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறவரின் குரல் கடைசி வரிசைக்கும் எட்டும். அந்த வரிசையில் இருப்பவர் வெறும் வாயால் பதில் சொன்னால் மேடைக்கு எட்டுமா? கணக்காகவே பார்ப்போம். அக்சஸ் பாயின்ட் 100 மில்லிவாட்டில் அனுப்புகிறது, கைப்பேசி 25 மில்லிவாட்டில் அனுப்புகிறது என்று வையுங்கள். திறனில் கால் பங்கு, அதாவது 6 டெசிபல் குறைவு. கைப்பேசியில் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுதல்) தெரியும் இடத்தில், அக்சஸ் பாயின்ட்டுக்குக் கிடைப்பது மைனஸ் 73. அதன் ஆன்டெனாக்கள் கொஞ்சம் ஈடுகட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நம்பி யாரும் வடிவமைக்கக் கூடாது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் கடைசி வரிசைக்காரரின் குரல் உயர்ந்துவிடாது.

கேடு அதோடு நிற்பதுமில்லை. தொலைவில் உள்ள அக்சஸ் பாயின்ட்டே நன்றாகக் கேட்பதால், தலைக்கு மேலே இருக்கும் அக்சஸ் பாயின்ட்டைக் கைப்பேசி தேடுவதே இல்லை. பல கைப்பேசிகள் சிக்னல் மைனஸ் 70ஐ ஒட்டி இறங்கிய பிறகுதான் அடுத்ததைத் தேடத் தொடங்கும். ஒரே சேனலில் (அலைவரிசையில்) உள்ள அக்சஸ் பாயின்ட்களோ, ஒன்றன் பேச்சு மற்றொன்றின் காதில் விழுவதால், முறைபோட்டுக் காத்திருக்கின்றன.

அடுத்த வாதம் வேகச் சோதனை. “200 மெகாபிட் வருகிறதே!” வரட்டும். ஜி.711 என்ற முறையில் குறியாக்கிய குரலுக்கு, ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுத் துண்டிலும்) ஒட்டும் ஐபி தலைப்புகளோடு, அதாவது முகவரித் தகவலோடு, சேர்த்தும், ஒரு திசைக்கு 80 கிலோபிட் போதும். அதற்கு வேண்டியது ஒழுங்கு: 20 மில்லிவினாடிக்கு ஒன்றாக, வினாடிக்கு 50 பாக்கெட்டுகள். வீடியோ முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். இன்னும் பேசாத சொல்லை யார் சேமிப்பது? ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும். அக்சஸ் பாயின்ட் மாறும்போது அடையாளச் சரிபார்ப்பை முதலிலிருந்து செய்தால் சில நூறு மில்லிவினாடிகள் போய்விடும். ஒரு சொல் முழுதாக விழுங்கப்படும். அதைச் சுருக்கத்தான் 802.11ஆர் என்ற வைஃபை தரநிலை இருக்கிறது. கைப்பேசிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு அதை இயக்கிவைக்கிறவர்கள் தனி ரகம்.

ஆகவே, தயவுசெய்து, காலிக் கட்டடத்தில் மடிக்கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி அளக்காதீர்கள். ஆய்வுக்கு முன் ஊழியர்கள் எங்கெல்லாம் பேசிக்கொண்டே நடக்கிறார்கள் என்று கேளுங்கள். மாடிப்படி, லிப்ட் வாசல், கழிப்பறை, மருந்துக் கிடங்கு எல்லாம் வரைபடத்தில் வர வேண்டும். ஊழியர் பயன்படுத்தப்போகும் அதே கைப்பேசியை அவர் பிடிக்கும் விதத்திலேயே காதோடு ஒட்டிப் பிடித்து நடங்கள். தலையும் கையும் பல டெசிபலை விழுங்கும். கதவுகளை மூடிவைத்து அளங்கள். அக்சஸ் பாயின்ட்டின் திறனைக் கைப்பேசியின் திறனுக்கு இணையாக இறக்கிவிட்டு அளங்கள்.

ஒவ்வொரு அக்சஸ் பாயின்ட்டின் எல்லையிலும் குறைந்தது மைனஸ் 67 டிபிஎம், இரைச்சலுக்கு மேல் 25 டெசிபல் வேண்டும். அதே இடத்தில் இரண்டாவது அக்சஸ் பாயின்ட் ஒன்றும் ஏறக்குறைய அதே அளவில் கேட்க வேண்டும். இல்லையென்றால் கைப்பேசி எங்கே தாவும்? குரலுக்கு 5 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களில் குரலை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை: ரேடார் தென்பட்டதும் அக்சஸ் பாயின்ட் அந்தச் சேனலைக் காலிசெய்தாக வேண்டும், பேச்சு பாதியில் நின்றாலும்.

மருத்துவமனையில் திறனை இறக்கினோம், மாடிப்படிக்குள் ஓர் அக்சஸ் பாயின்ட் வைத்தோம். மறுபடி நடந்து அளக்க இரண்டு இரவுகள் ஆயின. முதல் ஆய்வறிக்கையை அப்புறம்தான் காட்டினார்கள். நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் பச்சை வண்ண வரைபடம். எந்தக் கருவியால், எந்தத் திறனில் அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அப்படி ஓர் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.