பாதி அட்டை மாத்திரையும் மருத்துவச் செலவும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. மழை பிடித்துக்கொண்டால் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். பால்வெட்டு நின்றால் எங்கள் மருந்துக்கடையில் மக்கள் வாங்கும் மாத்திரைகளின் எண்ணிக்கையும் குறையும். அப்படியொரு மழைநாளில் வந்த ஓர் அம்மா சர்க்கரை நோய்க்கான சீட்டை நீட்டி, "மக்களே, முப்பது வேண்டாம், அஞ்சு மட்டும் தா. பாக்கிய மழை வெறிச்ச பொறவு வாங்கிட்டுப் போறேன்" என்றார். அட்டையைக் கத்தரித்தபோது காலாவதித் தேதி அச்சிட்ட துண்டு என் கையில் தங்கிவிட்டது. உறையின் மேல் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்தேன். அந்த ஐந்து மாத்திரையை அவர் ஒன்றுவிட்டு ஒரு நாளாகப் பத்து நாள் சாப்பிட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மருத்துவச் செலவு என்றாலே அறுவை சிகிச்சையும் தீவிர சிகிச்சைப் பிரிவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணைநிற்கிறது. ஆனால் மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அந்தக் காப்பீட்டு அட்டை பயன்படாது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்படாமல் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தேவைப்படும்போது அரசு பணம் தருகிறது. அந்த நிலையைத் தள்ளிப்போட்டிருக்கக்கூடிய மாத்திரையை, மழையில் வேலையிழந்தவர் தன் மடியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. தேசிய சுகாதாரக் கணக்கீட்டின்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான் என்றாலும், பால்வெட்டுக் குடும்பத்துக்கு அந்த மிச்சமும் பெரும் பாரம்.

விலை ஏன் இப்படி இருக்கிறது? மற்ற சந்தைகளில் வாங்குபவர் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். மருந்தில் மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார், நோயாளி பணம் கொடுக்கிறார். அதனால் நிறுவனங்கள் விலையைக் குறைத்துப் போட்டியிடுவதைவிட, மருத்துவரின் பேனாவில் தங்கள் வணிகப்பெயரை ஏற்றுவதற்கே அதிகம் செலவிடுகின்றன. அந்தச் செலவும் அட்டையின் விலைக்குள்தான் இருக்கிறது. அதே மருந்து மூலக்கூறு வேறு பெயரில் பாதிக்கும் குறைந்த விலையில் என் அலமாரியிலேயே இருந்தாலும், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக அதை நானாக மாற்றித் தர மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை.

2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவிலை வைக்கிறது. ஆனால் அது உற்பத்திச் செலவைப் பார்ப்பதில்லை. சந்தையில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையைத்தான் பார்க்கிறது. சந்தையே விலையேறிக் கிடந்தால் உச்சவிலையும் உயர்ந்தே நிற்கும். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கோ ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை விலையேற்றலாம். இரண்டு மருந்துகளை ஒன்றாக்கிய சேர்க்கை மாத்திரைகள் பலவும் பட்டியலில் இல்லை. தனித்தனியாக எழுதினால் குறைந்த விலையில் முடியக்கூடிய சீட்டு, சேர்க்கையாக எழுதப்படும்போது ஏறிவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. 2017 பிப்ரவரியில், அடைபட்ட இதய இரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்டுக்கு உச்சவிலை வந்தது. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்துக்கு 30 விழுக்காடு வரம்பு விதிக்கப்பட்டது. அந்த வரம்பைச் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை. வணிகப்பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதுவதைக் கட்டாயமாக்குவது அடுத்தது. இதற்கு மருத்துவர்கள் எழுப்பும் தரம் பற்றிய அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை, தரமற்ற மருந்துகள் பிடிபடுவது உண்மை. ஆனால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருந்துகளை மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. சோதனையைப் பெருக்கி, முடிவுகளைக் கடைகளுக்கும் தெரியும்படி வெளியிட்டால் அச்சத்துக்கு இடமிருக்காது.

அதுவரை நம்மால் இயன்றதும் உண்டு. "இதே மருந்தைப் பொதுப்பெயரில் எழுதித் தர முடியுமா?" என்று மருத்துவரிடம் கேட்பது அவமதிப்பு ஆகாது. அந்த அம்மா கேட்டார். மருத்துவர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். 2025 பிப்ரவரியில் தொடங்கிய மாநில அரசின் முதல்வர் மருந்தகங்களிலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் அச்சீட்டைக் காட்டலாம். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வருகிறது. இம்முறை வந்த மாத்திரையின் நிறம் வேறாக இருக்கிறதே என்று பலர் அதைப் பெட்டியிலேயே போட்டு வைத்துவிட்டு எங்களிடம் வந்து பணம் கொடுத்து வாங்குகிறார்கள். தயாரிப்பாளர் மாறினால் நிறமும் வடிவமும் மாறும். ஐயமிருந்தால் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகிலுள்ள மருந்தாளுநரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பின்புறம் உள்ள பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது, அதற்குக் காசும் வாங்கமாட்டோம்.