வோபன்ஹூஸ்: தமிழில் இடைகழி

டென்மார்க்கின் பழைய கிராமத் தேவாலயங்களைப் பற்றிப் படிப்போர் தவறாமல் எதிர்கொள்ளும் சொல் வோபன்ஹூஸ். டேனிய மொழியில் 'வோபன்' என்பது ஆயுதம், 'ஹூஸ்' என்பது வீடு. எனினும் இச்சொல் குறிப்பது ஆயுதக் கிடங்கை அன்று. ஆலய வாயிலுக்கு முன்னே, பெரும்பாலும் தென்புறத்தில், சுவரை ஒட்டி எழுப்பப்பட்ட சிறு அறையையே குறிக்கிறது. வழிபட வருவோர் தம் ஆயுதங்களை அங்கே களைந்து வைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்ற வழக்கத்தையொட்டி இப்பெயர் அமைந்ததாகக் கூறுவர். அண்டை மொழியான ஸ்வீடிய மொழியிலும் இதே பொருளில் இதே அமைப்புடைய சொல் உண்டு.

கட்டடத்தை நோக்கினால் இந்த அறை பிற்சேர்க்கை என்பது விளங்கும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் கல்லால் கட்டப்பட்ட ஆலயம் மிக எளியது: மக்கள் கூடும் நீள்சதுரக் கூடம், அதன் கிழக்கே அதனினும் சிறிய திருப்பீடப் பகுதி, சிலவற்றில் மட்டும் அதற்கும் கிழக்கே அரைவட்ட முடிப்பு. ஆண்களுக்குத் தென்வாயிலும் பெண்களுக்கு வடவாயிலும் இருந்தன. வடவாயில்கள் பல பின்னாளில் அடைக்கப்பட்டன. இடைக்காலத்தின் இறுதியில்தான் மேற்கே கோபுரமும் தெற்கே வோபன்ஹூஸும் பெருவாரியாகச் சேர்ந்தன. டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான யூட்லாந்தில் செதுக்கிய கருங்கல் சுவரோடு, படிப்படியாக உயரும் முக்கோண முகப்புச் சுவர் கொண்ட செங்கல் அறை ஒட்டி நிற்பதைக் காணும்போது, வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு மறைக்காத இடங்களில், இரு காலங்களையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். உள்ளே சுவரோரம் செங்கல் திண்ணைகள் அமைந்தவையும் உண்டு.

இதனை 'ஆயுத வீடு' என்று பெயர்ப்பது படிப்பவரைத் திசைதிருப்பும். 'முகமண்டபம்' என்பதும் பொருந்தவில்லை. தூண்களும் திறந்த விரிவும் அச்சொல்லோடு மனத்தில் எழுகின்றன, இதுவோ சுவர் சூழ்ந்த சிற்றறை. வெளிவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் இடைப்பட்ட நடையைக் குறிக்க நம்மிடம் இடைகழி என்ற நல்ல சொல் இருக்கிறது. பேச்சு வழக்கில் ரேழி எனத் திரிந்து வீடுகளில் வாழ்வதும் அதுவே. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்றதாக மரபு கூறும் இடமும் இடைகழிதான். ஆகவே கட்டுரைகளில் முதல்முறை 'வோபன்ஹூஸ் எனப்படும் ஆலய இடைகழி' என்று எழுதி, பின்னர் இடைகழி என்றே தொடரலாம். ஆயுதம் களையும் வழக்கத்தை மட்டும் தனியே ஒரு வரியில் விளக்கிவிட வேண்டும், ஏனெனில் அந்தச் செய்தி தமிழ்ச் சொல்லுக்குள் இல்லை.