தம்பி அண்ணனைவிட உயரமாகிவிட்டானா?

ஆறாம் வகுப்பில் ஒருவன், எட்டாம் வகுப்பில் ஒருவன் என்று இரண்டு பையன்கள் இருக்கும் வீட்டார் என்னிடம் வருவது பெரும்பாலும் சளி, காய்ச்சல், தோலில் அரிப்பு போன்றவற்றுக்குத்தான். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் மனதில் இருந்த கேள்வி வெளியே வரும். “டாக்டர், இவன்தான் பெரியவன். சின்னவன் இவனைத் தாண்டிட்டான். ஏதாவது டானிக் எழுதித் தர்றீங்களா?”

சரி, அளந்து பார்ப்போம் என்பேன். அண்ணன்காரன் உயரம் அளக்கும் பலகையில் ஏறி நிற்பான். குதிகால் லேசாக எழும்பும். “குதிகாலை ஒட்டி வைப்பா” என்றால் வைப்பான், தலைக்கு மேலே சட்டத்தை இறக்குவதற்குள் மறுபடி எழும்பிவிடும். கூடவே தாடையும் மேலே போகும். தாடையைத் தூக்கினால் உயரம் கூடாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. தம்பி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பான். அம்மா பாவம், இரண்டையும் கவனிக்காமல் பலகையில் உள்ள எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குழந்தைகள் நல மருத்துவராக எனக்கு இதில் ஒரே ஒரு மனக்குறை உண்டு. ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையை அளவுகோலாக வைத்துவிடுகிறோம். அதனால் இயல்பாக இருப்பவனுக்கு டானிக் தேடுகிறோம், கவனிக்க வேண்டிய இடத்தில் “அவனும் இப்படித்தானே இருந்தான்” என்று விட்டுவிடுகிறோம்.

ஆண் பிள்ளைகள் பருவமடையத் தொடங்குவது 9 வயதிலிருந்து 14 வயதுக்குள். ஐந்து வருட இடைவெளி! 11 வயதுத் தம்பிக்குத் தொடங்கிவிட்டது, 13 வயது அண்ணனுக்கு இன்னும் இல்லை என்றால் இரண்டுமே இயல்புதான். வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது அரும்பு மீசையையும் உடைந்த குரலையும். அவை தாமதமாக வருபவை. முதல் மாற்றம் விரைகள் பெரிதாவது. அதை அளப்பதற்கென்றே எங்களிடம் ஒரு மணிக்கோவை இருக்கிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1966-இல் அறிமுகப்படுத்தியது. 1 மில்லிலிட்டரில் தொடங்கி 25 வரை, ஒன்றைவிட ஒன்று பெரிதாகப் பன்னிரண்டு மணிகள். 4 மில்லிலிட்டர் அளவை எட்டிவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கொள்வோம். மீசைக்கு அதன் பிறகும் நெடுநாள் ஆகும். ஆகவே ‘ஒண்ணுமே ஆகலை’ என்று வீட்டில் கவலைப்படும் பையனுக்குச் சோதித்துப் பார்த்தால் பல சமயம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

பருவத்துக்கு முன்பு ஒரு பையன் வருடத்துக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்வான். வேகம் பிடிக்கும் வருடத்தில் 9, 10 சென்டிமீட்டர் கூட ஏறும். சராசரியாக அது பதின்மூன்றரை வயதையொட்டி வருகிறது. சிலருக்கு 12-லேயே, சிலருக்கு 15-இல். பலரும் அறியாத சங்கதி ஒன்று: இந்த வேகம் பிடிப்பதற்குச் சற்று முன்னால் வளர்ச்சி கொஞ்சம் மந்தமாகும். அண்ணன் அந்த மந்த வருடத்தில் இருக்கிறான், தம்பி வேக வருடத்தில் இருக்கிறான் என்றால் வீட்டில் என்ன தோன்றும்? பெரியவனுக்கு வளர்ச்சியே நின்றுபோய்விட்டது என்றுதான். அப்பாவோ மாமாவோ பள்ளி முடிக்கும் வயதில்தான் திடீரென வளர்ந்தார் என்ற கதை அந்தக் குடும்பத்தில் இருந்தால் எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தேவைப்பட்டால் இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்போம். எலும்பு வயது குறைவாக இருந்தால் அவனுக்கு வளர இன்னும் காலம் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

பெற்றோர் உயரத்தை வைத்து ஒரு தோராயக் கணக்கும் உண்டு. அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, பையன் என்பதால் 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 170, அம்மா 157 என்றால் விடை 170. அதற்கு மேலும் கீழும் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் வரை போகலாம். கவனியுங்கள், ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பையன்கள் கடைசியில் பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நின்றாலும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள். கம்பியில் தொங்குவதால் எலும்பு நீளாது. உயரத்துக்கென்று விளம்பரம் செய்யப்படும் பவுடர்களைப் பற்றிக் கேட்டால், நன்றாகச் சாப்பிடும் பையனுக்கு அதை வாங்கித் தராதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எப்போது கூட்டி வர வேண்டும்? 14 வயதாகியும் எந்த மாற்றமும் இல்லை, 9 வயதுக்கு முன்பே மாற்றம் தெரிகிறது, வருடத்துக்கு 4 சென்டிமீட்டர்கூட வளரவில்லை, வளர்ச்சி அட்டவணையில் அவன் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த கோட்டைவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டே வருகிறான், இந்த நான்கில் எதுவானாலும் வாருங்கள். 5 முதல் 19 வயது வரைக்கான அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. பையனின் போன வருட உயரத்தையும் இந்த வருட உயரத்தையும் அதில் குறித்துப் பார்ப்பதுதான் பயனுள்ள ஒப்பீடு.

உயரத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அதைச் சுற்றி வீட்டில் நடக்கும் பேச்சு. சீக்கிரம் வளர்ந்த தம்பியிடம் எல்லோரும் பெரியவனிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். “ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரலையே” என்பார்கள். அவனுக்கு 11 வயதுதான். 11 வயதுக்கான அறிவுதான் இருக்கும், 11 வயதுக்கான அழுகைதான் வரும். அண்ணனுக்கோ நேர்மாறு. எட்டாம் வகுப்புப் பையனைச் சின்னக் குழந்தையாக நடத்துவார்கள், விளையாட்டு அணியில் ஓரங்கட்டுவார்கள், வந்தவர்களெல்லாம் “இவனா பெரியவன்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பெற்றோர் அங்கேயே மறித்துவிட வேண்டும். “ஆமாம், அவன்தான் பெரியவன்” என்ற ஒரு பதில் போதும். வீட்டில் அடிக்கடி கைகலப்பு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். பலம் மாறிப்போன வருடத்தில் சண்டையின் கணக்கும் மாறும். நேற்று வரை அடி வாங்கியவன் இன்று திருப்பிக் கொடுப்பான், அதுவும் வலுவாக.

வளர்ச்சி எல்லா உறுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் பாதமும் கையும், பிறகு கால், கடைசியில்தான் உடம்பு. ஷூ அடுத்தடுத்துச் சின்னதாகிப் போவதுதான் வீட்டில் முதலில் தெரியும் தடயம்.

இந்த வயதில் முழங்கால் வலி சகஜம். முழங்கால் சில்லுக்குக் கீழே, தொட்டால் வலிக்கும் ஒரு புடைப்பு, ஓடினாலும் குதித்தாலும் அதிகமாகும், ஓய்வெடுத்தால் குறையும். 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்ததால் இருவர் பெயரையும் சேர்த்து இதை அழைக்கிறோம். தொடைத் தசை, இன்னும் முற்றாத எலும்பைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. “ரெண்டு பேரும் ஒரே ஆட்டம்தான் ஆடுறாங்க, இவனுக்கு மட்டும் ஏன் வலிக்குது, நடிக்கிறான்” என்பார்கள். நடிப்பு இல்லை. எலும்பின் பருவம் வேறு, அவ்வளவுதான். ஆட்டத்தைக் குறைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் சமாளிக்கலாம். எலும்பு முற்றியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பையன் நொண்டுகிறான், முழங்காலில் வீக்கமோ புடைப்போ இல்லை, வலி தொடையிலோ முழங்காலிலோ என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி, எலும்பு வளரும் இடமான வளர்தட்டில் நழுவியிருக்கலாம். எடை அதிகமான பிள்ளைகளுக்கு இது கூடுதல். அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதுவரை அந்தக் காலை ஊன்றி நடக்க விடக்கூடாது.

தூக்கத்திலும் அண்ணன் தம்பி ஒன்றில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் தந்த பரிந்துரை, 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். பருவம் தொடங்கியதும், தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது. இரவு பத்தரைக்கும் அவனுக்குத் தூக்கம் வராதது முழுக்க வேண்டுமென்று செய்வதல்ல. செல்போன் அதை மேலும் தள்ளும். ஒரே அறையில் படுக்கிறார்கள் என்றால் முதலில் படுப்பவனை மற்றவனின் விளக்கு எழுப்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். போன் இருவருக்குமே அறைக்கு வெளியே, பெற்றோரின் போனும் அதோடு சேர்ந்து வெளியே இருந்தால் வாக்குவாதம் பாதியாகும்.

இனி, பையன்கள் வாயைத் திறக்காத விஷயங்கள். பெண் பிள்ளைக்கு வரப்போவதைப் பற்றி யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். பையன்களுக்கு அந்த யாரும் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறும் என்று எவரும் சொல்லாததால் நோய் வந்துவிட்டதோ என்று பயந்து, போர்வையை ஒளித்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. 11, 12 வயதிலேயே சொல்லிவிடுங்கள். படுக்கை விரிப்பை அவனே மாற்றிக்கொள்ளட்டும், யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.

மார்புக் காம்புக்கு அடியில் காசளவுக் கட்டி, தொட்டால் வலி. பருவ வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. ஹார்மோன் சமநிலை தற்காலிகமாக மாறுவதால் வருவது, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் தானே மறையும். அவன் புழுக்கத்திலும் சட்டைக்குள் இன்னொரு சட்டை போடுவான், நீச்சலுக்கு வர மாட்டேன் என்பான். வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது தம்பியாகத்தான் இருக்கும், பட்டப்பெயர் வைப்பதும் அவனாகத்தான் இருக்கும். அந்தப் பட்டப்பெயரை முதல் நாளே நிறுத்துங்கள். கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, நீர் கசிந்தாலோ, பருவ மாற்றம் தொடங்குமுன்பே வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். விரை முறுக்கம். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிடுவது. 12 முதல் 18 வயதுக்குள் அதிகம். விளையாடும்போது வரலாம், தூக்கத்திலிருந்து எழுப்பியும் விடலாம். திடீரென்று, ஒரு பக்கமாக, தாங்க முடியாத வலி. கூடவே வாந்தி. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சையில் முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு சுருங்கும். தாமதம் எங்கே நேர்கிறது என்றால், பையன் “வயிறு வலிக்குது” என்பான். சில சமயம் உண்மையிலேயே அடிவயிற்றில்தான் வலி தெரியும். பல சமயம் கீழே வலிக்கிறது என்று சொல்ல வெட்கம், அதுவும் பக்கத்துக் கட்டிலில் அண்ணன் படுத்திருக்கும்போது. வீட்டில் வாயு என்று நினைத்து ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பார்கள். விடிந்துவிடும்.

ஆகவே இந்த வயதுப் பையன் அடிவயிறு வலி, வாந்தி என்றால் “கீழே வலிக்குதா?” என்று நீங்களே கேளுங்கள். ஆமாம் என்றால், எந்த நேரமானாலும் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள், வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். விளையாட்டிலோ அண்ணன் தம்பி மல்லுக்கட்டிலோ அடிபட்டு, ஒரு மணி நேரமாகியும் வலி அடங்கவில்லை என்றாலும் இதேதான். வலி வந்து தானாகவே விட்டுப்போனாலும் மறுநாள் காட்டிவிடுங்கள், முறுக்கிப் பிரிந்திருக்கலாம், மறுபடி முறுக்கலாம். இதையெல்லாம்விட முக்கியம், வலி வருவதற்கு முன்பே இருவரிடமும், தனித்தனியாக, ஒரு வாக்கியம் சொல்லி வைப்பது: “அங்க வலிச்சா நடுராத்திரி ஆனாலும் என்னை எழுப்பு.”

இன்னொன்றும் ஒப்பீட்டில் தவறிப்போகிறது. இரண்டு பேரும் அள்ளி அள்ளிச் சாப்பிடும் வீட்டில் ஒருவன் மட்டும் இளைத்துக்கொண்டே போகிறான், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறான் என்றால் அது வளரும் பிள்ளையின் பசி அல்ல. அன்றே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

என் அறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இந்த வயதுப் பையன்களை ஒவ்வொருவராகச் சில நிமிடம் தனியே உட்கார வைத்துப் பேசுவேன், பெற்றோர் சம்மதத்தோடுதான். அம்மா முன்னால் “ஒண்ணுமில்லை” என்றவன் கதவு சாத்தியதும் மூன்று கேள்வி கேட்பான். தம்பியைக் கண்டிப்பாக வெளியே அனுப்பிவிடுவேன். உங்கள் மருத்துவரிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

வீட்டில் உயரம் அளப்பதானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். சுவரில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோடு போடாமல் ஆளுக்கொரு நோட்டில் எழுதுங்கள். செருப்பில்லாமல், குதிகால் ஒட்டி, பார்வை நேராக, இருவருக்கும் காலையிலேயே அளந்துவிடுங்கள். முதுகெலும்பின் வட்டுகள் நாள் முழுக்க அழுந்துவதால் மாலையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். ஒருவனைக் காலையிலும் மற்றவனை மாலையிலும் அளந்தால் அன்றைய சண்டைக்கு வேறு காரணமே தேவைப்படாது.