ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாவை வெளியிலிருந்து பார்ப்பது எப்படி?

ஒரு ஜாவா அப்ளிகேஷன் ஓடும்போதே அதன் உள்ளே நடப்பதைப் பார்க்க, அதன் நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது, ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் த்ரெட்டுகள் எத்தனை இருக்கின்றன, பயனற்றுப்போன ஆப்ஜெக்ட்டுகளைக் குப்பையாக அள்ளும் கார்பேஜ் கலெக்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற கணக்கையெல்லாம், ஜாவா நிரலை ஓட்டும் ஜாவா விர்ச்சுவல் மெஷினே வைத்திருக்கிறது. அதை வெளியே எடுத்துத் தருவது ஜேஎம்எக்ஸ் (ஜாவா மேனேஜ்மென்ட் எக்ஸ்டென்ஷன்ஸ்). 2004இல் வெளியான ஜாவா 5 முதல் இது ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது.

இதன் அடிப்படை எம்பீன். அதுவும் ஒரு ஜாவா ஆப்ஜெக்ட்தான். வெளியிலிருந்து அதன் மதிப்புகளைப் படிக்கலாம், அதற்கு உத்தரவும் போடலாம். மெமரிக்கு ஒன்று, த்ரெட்டுகளுக்கு ஒன்று என ஒவ்வொன்றும் தனிப் பெயரில் எம்பீன் சர்வரில் பதிவாகியிருக்கும். டாம்கேட், காஃப்கா போன்ற ஜாவாவில் ஓடும் சர்வர் மென்பொருள்கள் தங்களுக்கென்று சொந்த எம்பீன்களையும் பதிவு செய்கின்றன. ஜாவா நிரல் எழுதுவோருக்கான ஜேடிகே தொகுப்புடன் வரும் ஜேகன்சோல் என்ற கருவி முக்கியமாகச் செய்வது, வழக்கமாக 4 நொடிக்கு ஒருமுறை இவற்றைக் கேட்டு வாங்கி வரைபடமாகப் போடுவதுதான்.

அந்த வரைபடத்தில் பலரைப் பயமுறுத்துவது, ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் ஹீப் மெமரியின் கோடு. ரம்பப் பல் போல ஏறி ஏறி இறங்கும். உச்சி 80 சதவீதத்தைத் தொட்டதும் பதறுகிறார்கள். உச்சியைப் பார்த்துப் பயனில்லை. கார்பேஜ் கலெக்டர் ஓட வேண்டிய நேரம் நெருங்குகிறது என்பதைத் தாண்டி அது அதிகம் சொல்வதில்லை. இறங்கி நிற்கும் அடிமட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிய ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் பகுதியை மட்டும் கலெக்டர் அடிக்கடி துப்புரவு செய்யும். நீண்ட நாள் பிழைத்தவை இருக்கும் பழைய பகுதிக்கு அபூர்வமாகத்தான் போகும். அதனால் அடிமட்டம் கொஞ்ச நேரம் உயர்வது இயல்பு. பழைய பகுதியைத் துப்புரவு செய்த பிறகும் மிஞ்சுவது ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் மெமரி லீக், அதாவது தேவையற்றதும் விடுபடாமல் மெமரியில் தேங்குகிறது என்று சந்தேகிக்கலாம். துப்புரவுக்குப் பின் எவ்வளவு மிஞ்சியது என்பதையே தனியாகச் சொல்லும் ஒரு மதிப்பு, மெமரி பூல் எனப்படும் ஒவ்வொரு மெமரிப் பகுதிக்குமான எம்பீனில் இருக்கிறது. கண்காணிப்பில் முதலில் சேர்க்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

அப்ளிகேஷன் பதில் சொல்லாமல் நிற்கிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது என்றால் த்ரெட் பக்கம் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டுதான் லாக். ஒரு த்ரெட் பிடித்திருக்கும் லாக்குக்கு இன்னொன்று காத்திருக்க, அது பிடித்திருப்பதற்கு முதல் த்ரெட் காத்திருந்தால் அது டெட்லாக். இரண்டும் வேலையே செய்யாததால் சிபியுவில் எதுவும் தெரியாது. ஜேகன்சோலில் இதைத் தேடவென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. எந்தெந்த த்ரெட், எந்த வரியில் மாட்டியிருக்கிறது என்பதுவரை காட்டிவிடும்.

சரி, அப்ளிகேஷன் வேறு கணினியில் ஓடுகிறது என்றால்? அங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஜேஎம்எக்ஸ் வழக்கமாக, ஒரு ஜாவா அப்ளிகேஷன் இன்னொன்றை நெட்வொர்க்கில் அழைக்கும் முறையான ஆர்எம்ஐ வழியாகப் பேசும். அதற்கு இரண்டு கதவுகள், அதாவது போர்ட்டுகள். நாம் கொடுக்கும் போர்ட்டில், எங்கே பேச வேண்டும் என்ற முகவரி மட்டுமே கிடைக்கும். உண்மையான பேச்சு நடப்பது இன்னொரு போர்ட்டில். அதை நாம் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஏதோ ஒரு எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலில் முதல் போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு, இணைப்பு ஏன் தொங்குகிறது என்று தேடுவது இதனால்தான். ஆர்எம்ஐ போர்ட்டுக்கென உள்ள தனி அமைப்பில் அதே எண்ணைக் கொடுத்தால் ஒரு போர்ட்டே போதும். அப்ளிகேஷன் டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் ஓடினால் இன்னொரு சிக்கலும் வரும்: அது தருகிற முகவரி உள்வலையமைப்பின் ஐபியாக இருந்துவிடும். ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேமையும் நாமே கொடுக்க வேண்டும்.

அவசரத்துக்குப் பாஸ்வேர்டையும் எஸ்எஸ்எல்லையும் அணைத்துவிட்டு இணைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எம்பீனுக்கு உத்தரவும் போடலாம் என்பதை நினைவில் வையுங்கள். பழைய ஜாவா பதிப்புகளில் எம்லெட் என்ற வசதி மூலம் வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டவும் முடியும். அந்த போர்ட்டை எட்ட முடிந்த யாருக்கும் சர்வரே கைக்கு வந்துவிடும். போர்ட்டை வெளியே திறக்காமல் எஸ்எஸ்எச் டனல் என்ற மறையாக்கம் செய்யப்பட்ட பாதை வழியாகப் போவது நல்லது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் படிக்க மட்டும் அனுமதியுள்ள பயனரை உருவாக்குங்கள். பாஸ்வேர்ட் ஃபைலை அதன் உரிமையாளர் மட்டுமே படிக்கும்படி வையுங்கள். மற்றவர்களும் படிக்க முடிந்தால் ஜாவா தொடங்கவே மறுத்துவிடும்.