சீழ் பிடித்த தாடையில் தகடு பூட்டலாமா?

ஏ9 வீதியில் மாட்டோடு மோதி விழுந்த உறவினருக்குத் தாடை முறிந்து சீழும் பிடித்துவிட்டது, அதற்குள் தகடு வைக்கப் போகிறார்களாம், சீழ் அதிகமாகிவிடாதா என்று மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான பயம். ஒரு காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணர்களும் சீழ் வற்றும்வரை மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பல்வரிசைக்குள் தாடை முறிந்தால் ஈறு கிழிந்து, எச்சிலும் கிருமியும் எலும்புக்குள் இறங்கும். ஆனால் சீழை ஆறவிடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் அசைவுதான். விழுங்கும்போதெல்லாம் முறிந்த முனைகள் உரசி, அப்போதுதான் முளைத்த நுண் இரத்தக் குழாய்களை அறுத்துவிடுகின்றன. இரத்தம் போகாத இடத்துக்கு வெண்குழியங்களும் போகா, மருந்தும் போகாது. நட்ட கதியாலை நாள்தோறும் ஆட்டினால் வேர் பிடிக்குமா?

எவ்வளவு அசைவைத் தாங்கும்? காயத்தில் முதலில் வளரும் மென்திசு இரு மடங்கு நீளத்துக்கு இழுபட்டாலும் பிழைக்கும். குருத்தெலும்பு ஏறத்தாழ 10 சதவீதம் தாங்கும். எலும்புக்கோ 2 சதவீதம்தான் எல்லை. 1 மில்லிமீற்றர் இடைவெளியில் 0.02 மில்லிமீற்றருக்கு மேல் அசைந்தால் அங்கே எலும்பு உருவாகாது.

இந்த அசையாமையைத் தருவதுதான் பூட்டுத் தகடு. சாதாரணத் தகட்டைத் திருகாணி எலும்போடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் பட்ட எலும்பு சற்றுக் கரைந்தாலே ஆணி தளரும். தகடு சரியாக வளைக்கப்படாவிட்டால், ஆணியை இறுக்க இறுக்க எலும்பு தகட்டை நோக்கி இழுபட்டுக் கடியே, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதமே, மாறிவிடும். பூட்டுத் தகட்டின் துளையிலும் மரை உண்டு, ஆணியின் தலையிலும் மரை உண்டு. இரண்டும் ஒன்றில் ஒன்று இறுகியதும் தகடும் ஆணிகளும் ஒரே சட்டமாகிவிடும், எலும்பை அழுத்தவே தேவையில்லை. மெல்லும் பாரம் முழுவதையும் அந்தச் சட்டம் சுமக்க, முறிந்த இடம் ஓய்வெடுக்கிறது. எத்தனை அழகான யோசனை!

முதலில் பற்களைக் கம்பியால் கட்டிக் கடியைச் சரிப்படுத்துவார்கள். கீழுதட்டை அசைக்கும் நரம்பு வெட்டுப்படாதிருக்க, தாடை விளிம்புக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் கீழே கீறுவார்கள். சீழை வெளியேற்றிப் பரிசோதனைக்கு அனுப்பி, முறிவுக் கோட்டில் உள்ள கெட்ட பல்லையும் செத்த எலும்புத் துண்டுகளையும் எடுப்பார்கள். பிறகு 2.4 மில்லிமீற்றர் ஆணிகள், முறிவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைந்தது மூன்று. எல்லாம் சீழ் பிடித்த பகுதிக்கு அப்பால், நல்ல எலும்பில், தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாய்க்குக் கீழே, எலும்பின் இரு சுவர்களையும் துளைத்து இறங்க வேண்டும். துளையிடும்போது உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். 47 பாகை செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு சேதமாகும். எலும்பு குறைந்திருந்தால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். சிலர் அன்றைக்கே, சிலர் சீழ் வற்றிய பிறகு.

பிழை நேர்வது எங்கே? பெரும்பாலும் மெல்லிய சிறு தகட்டில். பாரத்தில் பங்கெடுக்க எலும்பும் வேண்டும் என்ற கணக்கில் செய்த தகடு அது. எலும்பு கரைந்த இடத்தில் தனியே நின்று தளரும், அல்லது உடையும். தளர்ந்த ஆணி சீழை வளர்க்கும், அதை எடுத்தே ஆக வேண்டும். வாசகரின் பயம் அந்த நிலைக்குத்தான் பொருந்தும். புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

பரியாரியாரின் எண்ணெய்க் கட்டில் கை முறிவு பொருந்தலாம். அங்கே தோல் மூடியிருக்கிறது. வாய்க்குள் திறந்த தாடை முறிவுக்கு அது உதவாது. அடிபட்டபின் கடி மாறினாலோ கீழுதடு விறைத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் இந்தத் தகட்டுத் தொகுதி எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி அரசு நிதி ஒதுக்க வேண்டும்.