‘மேக்ரோஎகாலஜி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு குளத்தையோ ஒரு காட்டுத்துண்டையோ விட்டு விலகி, கண்டங்களின் அளவில் உயிரினங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, எப்படி மாறிவருகின்றன என்று ஆராயும் துறைக்கு மேக்ரோஎகாலஜி என்று பெயர். தமிழில் ‘பெருஞ்சூழலியல்’ என்று எழுதிவிடத்தான் கை முதலில் போகும். எனக்கு அது பொருந்தவில்லை. காரணத்தைச் சொல்லுமுன் சொல் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

‘எகாலஜி’ 1866இல் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் உண்டாக்கிய சொல். கிரேக்க மொழியில் ‘ஓய்கோஸ்’ என்றால் வீடு. தமிழில் நாம் வீட்டை விட்டுவிட்டுச் சூழலை எடுத்துக்கொண்டோம். அதில் இழப்பு ஒன்றுமில்லை. ‘சூழ்’ என்ற வினைக்குச் சுற்றியிருத்தல், எண்ணி ஆராய்தல் என்று இரு பொருளும் உண்டு. அரசனுக்கு எண்ணிச் சொல்லும் அமைச்சர்களைத் திருக்குறள் ‘சூழ்வார்’ என்றே குறிக்கிறது. ஆய்வுத் துறை ஒன்றுக்கு இதைவிட நல்ல வேர் வாய்க்காது.

‘மக்ரோஸ்’ என்பதற்குக் கிரேக்கத்தில் நீண்டது, நெடியது என்பது பழம்பொருள். பெரியது என்பது அதிலிருந்து விரிந்தது. இத்துறைக்கு இரண்டுமே வேண்டும், நெடிய காலமும் பெரிய பரப்பும்.

இந்தக் கூட்டுச்சொல்லை வெனிசுவேலாவில் புல்வெளிகளை ஆராய்ந்த சர்மியென்டோவும் மொனாஸ்டெரியோவும் 1971இலேயே ஸ்பானிய மொழியில் கையாண்டிருக்கிறார்கள். துறையின் பெயராக நிலைபெற்றது 1989இல், அமெரிக்கர்களான ஜேம்ஸ் பிரவுனும் பிரையன் மாரரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையால். பிரவுனின் மற்றொரு வேலையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1977இல் அரிசோனா பாலைவனத்தில், 50 மீட்டருக்கு 50 மீட்டர் என்று 24 பாத்திகளை வேலியிட்டு ஆய்வு தொடங்கியவர் அவர். சில பாத்திகளின் வேலியில் சிறு எலிகள் நுழையவும் கங்காரு எலிகள் நுழையாமலிருக்கவும் அளவு பார்த்துத் துளை விட்டிருந்தார்கள். துளையின் அளவைக் கணக்கிட்ட அதே மனிதர்தான் கண்டம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றார்.

ஆனால் கண்டத்துக்கு வேலி போட முடியாது. அங்கே சோதனை நடத்த வழியில்லை. கணக்கெடுப்பு ஒன்றே வழி. வட அமெரிக்காவில் 1966இல் சாண்ட்லர் ராபின்ஸ் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில், சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது ஒருவர் காரிலிருந்து இறங்குகிறார். 3 நிமிடம் நிற்கிறார். 400 மீட்டருக்குள் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்த குரல்களையும் குறித்துக்கொள்கிறார். பிறகு 800 மீட்டர் ஓட்டிச் சென்று மறுபடியும் 3 நிமிடம். இப்படி 50 நிறுத்தங்கள். அடுத்த ஆண்டும் அதே சாலை, அதே நிறுத்தங்கள். அந்த ஒருவரின் தாளில் பெரிதாக எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கான சாலைகளின் தாள்களையும் பிற கணக்கெடுப்புகளையும் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில்தான், 1970இலிருந்து ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டது தெரியவந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இரவில் வலசை போகும் பறவைக் கூட்டங்களை வானிலை ரேடார்களும் பதிந்து வைத்திருந்தன. அவையும் குறைவையே காட்டின.

பரப்பை மாற்றினால் விடையும் மாறும். சூழலியலாளர் மரியா டோர்னெலாஸ் குழுவினர் நிலத்திலும் கடலிலும் எடுக்கப்பட்ட 100 நீண்டகாலக் கணக்குகளை 2014இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அந்தந்த இடத்தில் இனங்களின் எண்ணிக்கை பொதுவாகக் குறைந்திருக்கவில்லை. ஆனால் பத்து ஆண்டுக்குப் பத்தில் ஓர் இனம் என்ற வேகத்தில் ஒன்று போய் இன்னொன்று வந்துகொண்டிருந்தது. எங்கும் வாழப் பழகியவை உள்ளே வந்து, அந்த மண்ணுக்கே உரியவை வெளியேறினால், உள்ளூர்க் கணக்கு அப்படியே நிற்கும். உலகக் கணக்கு குறைந்துகொண்டே போகும்.

ஆக, இச்சொல்லில் பெரிதாக இருப்பது பார்க்கும் அளவு. ‘பெருஞ்சூழலியல்’ என்றால் பெரிய சூழலைப் பற்றிய இயல் என்றாகிவிடும். அடைமொழி தவறான இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ‘பேரியல்’ என்ற முன்னொட்டு பொருளாதாரத்தோடு பழகிவிட்டது. ‘பேரளவுச் சூழலியல்’ என்பதே என் தேர்வு. ‘அளவு’ என்ற சொல் உள்ளே இருப்பதால் நிலப்பரப்பும் காலநீட்சியும் இரண்டுமே அதில் அடங்கும். ஆய்வாளரைப் பேரளவுச் சூழலியலாளர் எனலாம்.

இத்துறையைப் பற்றி எழுதுவோர் ‘பயோடைவர்சிட்டி’க்கு வழங்கும் இன்னொரு சொல்லையும் திருத்திக்கொள்ள வேண்டும். ‘பல்லுயிர்ப் பெருக்கம் குறைகிறது’ என்று நாளிதழ்களில் படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. பெருக்கம் என்பது கூடிக்கொண்டே போவது. ‘உயிர்ப்பன்மை குறைகிறது’ என்றால் தெளிவாக இருக்கும். இலங்கையில் வழங்கும் ‘உயிர்ப்பல்வகைமை’ இன்னும் துல்லியமானது. உயிர்களின் எண்ணிக்கையோடு நில்லாமல் வகைகளின் வேறுபாட்டையும் அது சொல்லிவிடுகிறது.