முதல் மடக்குத் தண்ணீருக்கு முன்னால்

பக்கவாதம் வந்த ஒருவரை வார்டுக்குக் கொண்டுவந்ததும் நான் முதலில் பார்ப்பது, பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றுதான். பெரும்பாலும் இருக்கும். பாதி காலியாகவும் இருக்கும். "விழுந்ததும் பயந்துபோய் கொஞ்சம் தண்ணி குடுத்தோம் சிஸ்டர்" என்பார்கள். விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது நம் ஊரில் யாரும் சொல்லித்தராமலே வரும் உதவி. சோடா வாங்க ஒருவர் ஓடுவார். அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கவாதத்தில் அந்த முதல் மடக்கே நுரையீரலுக்குள் போய்விடலாம். வாய் கோணி, கை துவண்டு ஒருவர் விழுந்தால் 108-ஐ அழையுங்கள். தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் வைக்காதீர்கள்.

பக்கவாதம் என்றதும் எல்லோரும் கையையும் காலையும்தான் பார்க்கிறோம். தொண்டை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. முதல் சில நாட்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது சிக்கல் இருக்கும். உணவு இறங்கும் அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாசல் அடைபட வேண்டும். மூளையிலிருந்து அந்தக் கட்டளை தாமதமாக வந்தால் வாசல் திறந்தே இருக்கும். தண்ணீர் வேகமாக ஓடக்கூடியது, அதுதான் முதலில் உள்ளே நுழையும்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். புரையேறி இருமுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி. தப்பான வழியில் போனதை உடம்பு வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். இருமலே வராதவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். தொண்டையில் உணர்ச்சி மங்கியிருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குப் போனாலும் அமைதியாக இருப்பார்கள். நன்றாகக் குடிக்கிறார் என்று வீட்டார் நினைப்பார்கள். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரும், மூச்சு வாங்கும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு விவசாயி. அறுபதைத் தாண்டியவர், வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குக் கஞ்சி விடும் ரைல்ஸ் டியூப் போட்டு, 'வாய் வழியாக எதுவும் தரக்கூடாது' என்று அட்டையும் மாட்டியிருந்தோம். மூன்றாம் நாள் இரவு அவர் மனைவி, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் காபி கொடுத்துவிட்டார். "நாக்கு வறண்டு கிடந்தாரும்மா. காபி இல்லாம ஒருநாளும் இருந்ததில்ல. ரெண்டு பாலாடைதான் குடுத்தேன், இருமக்கூட இல்லியே" என்றார். மறுநாள் மாலை காய்ச்சல் ஏறியது. நிமோனியா. பத்து நாள் கூடுதலாக ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அந்த அம்மாவைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நாங்கள் கொடுக்கக்கூடாது என்று சொன்னோமே தவிர, ஏன் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. நாற்பது வருஷம் கணவனுக்குச் சோறு போட்ட கையை ஓர் அட்டை தடுத்துவிடாது. அதற்கப்புறம், என் டூட்டியில் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைப் படம் வரைந்து காட்டிவிடுகிறேன்.

விழுங்க முடிகிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. முதல் பரிசோதனையை, பயிற்சி பெற்ற நர்ஸ் படுக்கையருகிலேயே செய்யலாம். நோயாளி நன்றாக விழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, சொன்னால் இருமுகிறாரா, சொந்த எச்சிலை விழுங்குகிறாரா என்று பார்ப்போம். பிறகு ஒரு டீஸ்பூன் தண்ணீர். தொண்டையில் விரல் வைத்தால் குரல்வளை எழும்புவது தெரியும். விழுங்கியதும் "ஆ" சொல்லச் சொல்வோம். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த ஸ்பூன். கொப்பளிப்பது போல ஈரமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, விழுங்குதல் பயிற்சி நிபுணரைக் கூப்பிடுவோம். அவர் தேவைப்பட்டால் எக்ஸ்ரே வீடியோவிலோ, மூக்கு வழியே சிறு கேமரா விட்டோ பார்ப்பார். வீட்டில் யாரும் இதைத் தாங்களாகவே செய்து பார்க்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்து 2011-ல் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் நர்ஸ்களே ஒழுங்காகக் கவனிக்கப் பயிற்சி தந்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் இயலாமையோடு வாழ்ந்தவர்களும் சேர்த்து அந்தப் பிரிவுகளில் 42 சதவீதம். பயிற்சி தராத பிரிவுகளில் 58. விலை உயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகளிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, டியூப் போட்டாயிற்று, இனி வாய்க்கு என்ன வேலை என்று பல்தேய்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. டியூப் இருந்தாலும் எச்சில் உள்ளே இறங்கத்தான் செய்யும். சாப்பிடாத வாயில் கிருமி பெருகும், அந்த எச்சில் நுரையீரலுக்குப் போனால் அதுவே நிமோனியா. பல்செட்டைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் நாக்கு, ஈறு எல்லாம் தினமும் இரண்டு மூன்று முறை துடையுங்கள். செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் கட்டாயம் பாருங்கள். காலையில் ஊட்டிய சோறு மதியம் அங்கே ஒதுங்கிக் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன். டியூபில் கஞ்சி விடும்போதும், விட்ட பிறகு அரைமணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும்.

வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு எதைக் கொடுப்பது? தண்ணீராக இருப்பதுதான் எளிது என்று தோன்றும். பலருக்கு அதுதான் கடினம். தண்ணீர், ரசம், மோர், இளநீர் எல்லாம் கடைசியில்தான் வரும். கட்டியில்லாத கெட்டிக் கேழ்வரகுக் கூழ், நெய் விட்டு மைய மசித்த பருப்பு சாதம் போன்றவற்றில் தொடங்குவோம். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல், ஒட்டிக்கொண்டும் நிற்காமல், மொத்தமாக விழ வேண்டும். நீராகாரத்தோடு பழைய சோறு, டீயில் நனைத்த ரஸ்க், சேமியா பாயசம் ஆகியவை வேண்டாம். நீரும் திடமும் வாயில் தனித்தனியாகப் பிரியும், நீர் முந்திக்கொள்ளும். பொரி, புட்டு போல உதிர்கிறவையும் கூடாது. இன்னொன்று, வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டுக் கலக்காதீர்கள். எச்சில் பட்டால் கஞ்சி நீர்த்துப்போகும்.

நம் வீடுகளில் இரண்டு பழக்கங்கள் என்னைப் பயமுறுத்துகின்றன. ஒன்று பாலாடை. அது தொண்டைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டிவிடும், விழுங்கத் தயாராகும் நேரமே கிடைக்காது. மற்றது அண்ணாந்து குடிப்பது. எச்சில் படாமல் சொம்பைத் தூக்கிக் குடித்துப் பழகிய தலைமுறை அது. தலை பின்னால் சாயும்போது நீர் வேகமாக இறங்கும், மூச்சுப் பாதையும் எளிதாகத் திறந்துகொள்ளும். பலருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர்மாறு: நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சுப் பக்கம் லேசாகத் தாழ்த்தி விழுங்குவது. இது எல்லோருக்கும் பொருந்தாது என்பதால் யாருக்கு எந்த நிலை என்று நிபுணர் சொல்வார். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி தானாகவே அண்ணாந்துவிடுவார், அதனால் எதிரில் உட்கார்ந்து ஊட்டுங்கள். டிவி ஓட வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு விழுங்குதல் சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது. விழுங்குவதற்கான இடம் மூளையின் இரண்டு பாதியிலும் உண்டு. ஒரு பாதி அடிபட்டால் மற்றப் பாதி அந்த வேலையை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கிறது என்பதை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். அதுவரை நுரையீரலைக் காத்து, நாக்கை அண்ணத்தில் அழுத்துவது, பலமாக விழுங்குவது போன்ற பயிற்சிகளைத் தினமும் செய்யவைப்பதுதான் எங்கள் வேலை. முதல் வாரம் நான்கு ஸ்பூனில் களைத்துப்போவார்கள். களைத்தால் நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தை டியூபில் கொடுத்துக்கொள்ளலாம்.

அந்த விவசாயிக்கு ஐந்தாவது வாரம் டியூபை எடுத்தோம். மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இடது கையில் டம்ளர், சின்னச் சின்ன வாயாக. கடைசி வாய்க்குப் பழக்கதோஷத்தில் டம்ளரோடு தலையும் மேலே போனது. நான் எட்டு வைப்பதற்குள் அந்த அம்மாவின் கை அவர் உச்சந்தலைக்குப் போய், மெதுவாகக் கீழே அழுத்தியது. "குனிஞ்சு குடிங்க" என்றார். விழுங்கினார். "ஆ சொல்லுங்க பாப்போம்" என்று அவரே கேட்டார்.